பெட்டகத்திலிருந்து லாச்சிக்கு: கல்முனைக் கரையோரத்துத் தளபாட வரலாற்றில் ஓர் அத்தியாயம்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அறிய விழைவோர் கல்வெட்டுகளையும் ஏடுகளையும் அரசாங்கப் பதிவேடுகளையும் நாடிச் செல்வது மரபு. வீட்டு மூலையில் நிற்கும் ஓர் அலுமாரியும் வரலாற்றுச் சான்றாகும் என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. மருதமுனை தொடக்கம் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ஈறாக உள்ள கரையோர முஸ்லிம் ஊர்களில், காணி உறுதி எங்கே, பிறப்பத்தாட்சிப் பத்திரம் எங்கே என்று கேட்டால், ‘லாச்சிக்குள் இருக்கிறது’ என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடையாகும். அந்த லாச்சி எவ்வாறு நம்மிடம் வந்தது, அது ஓடும் முறை எவ்வாறு மாறியது, அம்மாற்றம் இன்று அதனைத் தெரிவு செய்வோரிடம் எத்தகைய அறிவை வேண்டி நிற்கிறது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் சொற்களை நோக்குவோம். மேசை, கதிரை, வாங்கு, அலுமாரி ஆகிய நான்கும் போர்த்துக்கேய மொழியிலிருந்து நம் பேச்சிற் கலந்தவை. லாச்சி என்பதோ ஒல்லாந்த மொழியில் இழுப்பறையைக் குறிக்கும் ‘லாட்யே’ என்னும் சொல்லின் திரிபு. சிங்களத்தில் இதுவே ‘லாச்சுவ’ என வழங்குகிறது. தமிழகத்தார் இழுப்பறை என்றும் டிராயர் என்றும் கூற, இலங்கைத் தமிழர்களும் முஸ்லிம்களும் லாச்சி என்றே கூறுகின்றனர். அலுமாரியின் பெயர் ஓர் ஐரோப்பிய இனத்தாரிடமிருந்தும், அதனுள் ஓடும் லாச்சியின் பெயர் அவர்களை வென்ற மற்றோர் இனத்தாரிடமிருந்தும் வந்திருப்பது கருதத்தக்கது. ஒரே தளபாடத்தில் இரு ஆட்சிக் காலங்களின் சுவடுகள் படிந்துள்ளன எனலாம்.

எனினும், சொல் வந்த காலமே பொருள் வந்த காலம் என முடிவு கட்டிவிடுதல் பொருந்தாது. இழுத்துத் திறக்கும் அறை ஐரோப்பியரின் கண்டுபிடிப்பன்று. 1922ஆம் ஆண்டில் ஹவார்ட் கார்ட்டர் கண்டெடுத்த எகிப்திய மன்னன் துட்டன்காமுனின் கல்லறையில், காய்களை இட்டு வைக்கும் சிறு லாச்சி பொருத்திய விளையாட்டுப் பெட்டிகள் கிடைத்தன. அவை ஏறத்தாழ 3,300 ஆண்டுகள் பழைமையானவை. ஆகவே, ஒல்லாந்தர் நமக்குக் கொணர்ந்தது லாச்சி என்னும் கருத்தை அன்று. அலுவலகமும் பத்திரமும் பதிவும் சார்ந்த ஒரு வாழ்க்கை முறையில் லாச்சி பெற்ற இடத்தையே என்று கொள்வது பொருத்தமாகும். அலுவலகத்தைக் குறிக்கும் ‘கந்தோர்’ என்னும் சொல்லும் ஒல்லாந்த மொழியினின்றே வந்தது என்பது இதற்கு அரண் செய்கிறது.

தமிழில் முன்னரே இருந்தது பெட்டகம். மேல்மூடி கொண்ட பெட்டகத்தில் அடியிலுள்ள பொருளை எடுக்க வேண்டின், மேலுள்ள யாவற்றையும் அகற்றுதல் வேண்டும். ஆடை, நகை, பாத்திரம் முதலியவற்றை நெடுங்காலம் வைத்துக் காக்க அது ஏற்றது. அடிக்கடி எடுத்துப் பார்த்து மீள வைக்க வேண்டிய கடதாசிக்கு அது ஏற்றதன்று. லாச்சி அறையைக் கிடையாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே வெளியே இழுக்க வழி செய்தது. கடதாசி பெருகிய சமுதாயத்தில் லாச்சியும் பெருகியமை வியப்பன்று.

கடதாசி எவ்வாறு பெருகிற்று? மட்டக்களப்புக் கோட்டையை 1638இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். 1795இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆங்கிலேயர் இயற்றிய 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டம், காணிக் கைமாற்றம் எழுத்தில் அமைந்து நொத்தாரிசு முன்னிலையிலும் சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிடப்படல் வேண்டும் என விதித்தது. அன்று முதல் காணி உரிமை ஊரார் நினைவில் மாத்திரமன்றி உறுதியிலும் தங்கலாயிற்று. கீழ்க்கரை முஸ்லிம்களிடையே இதற்குத் தனிப் பொருளுண்டு. தாய்வழிக் குடி முறை நிலவும் இவ்வூர்களில் மணமகன் மணமகளின் வீட்டிற்கு வந்து வாழ்வதும், வீடு சீதனமாக மகளுக்கு எழுதப்படுவதும் வழக்கம். அக்கரைப்பற்றில் ஆய்வு நிகழ்த்திய மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இம்முறையை விரிவாகப் பதிவு செய்துள்ளார். இவ்வகையில், லாச்சிக்குள் இருக்கும் உறுதி ஒரு பெண்ணின் வாழ்விடத்திற்கான ஆதாரமாகும்.

இனி, லாச்சியைச் செய்த கைகளை நோக்குவோம். கல்முனைக்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மட்டக்களப்பில் வாழும் பறங்கியர், தச்சு, கொல்லு, இயந்திரத் திருத்தம் ஆகிய தொழில்களில் நெடுங்காலம் பேர்பெற்றவர்கள். தமிழ்த் தச்சரும் முஸ்லிம் தச்சரும் இதே தொழிலில் ஈடுபட்டனர். கிழக்கின் உலர்வலயக் காடுகள் முதிரை, கருங்காலி, பாலை முதலிய வைரமரங்களை அவர்களுக்கு அளித்தன.

அவர்கள் செய்த லாச்சிக்கு உலோகத் தண்டவாளம் கிடையாது. மரத்தின் மேல் மரமே ஓடிற்று. இதில் இரு முறைகள் உண்டு. லாச்சியின் பக்கப் பலகையில் தவாளித்து, அலுமாரியின் உட்சுவரில் அறைந்த சட்டம் அத்தவாளிப்பிற் புகுந்து தாங்குமாறு செய்வது ஒன்று. லாச்சியின் அடிவிளிம்பு கீழுள்ள சட்டத்தின் மேல் சறுக்குமாறு செய்வது மற்றொன்று. ஐரோப்பாவில் பதினேழாம் நூற்றாண்டில் முன்னைய முறை பெருவழக்காயிருந்து, பின்னர் இரண்டாவது முறை மேலோங்கிற்று. உராய்வைக் குறைக்க மெழுகு தேய்த்தனர். முன்பலகையையும் பக்கப் பலகையையும் புறாவின் வால்போல் விரிந்த பற்களால் இணைத்தனர். இழுக்குந்தோறும் அப்பற்கள் இறுகுமேயன்றிக் கழலா.

மரம் ஈரத்தை உறிஞ்சி நாரின் குறுக்கே பருக்கும். நாரின் நெடுக்கே பெரிதும் மாறாது. ஆகவே பக்கப் பலகையின் உயரமே மாறும். கச்சான் வீசும் உலர்காலத்தில் இடைவெளியின்றிச் செய்த லாச்சி, வாடையும் மாரியும் வந்ததும் இறுகித் திறவாது. இதனை அறிந்த தச்சன் மேற்புறத்தில் இடைவெளி விட்டான். ஆழத்தினும் அகலம் மிகுந்த லாச்சி, ஒரு பக்கமாக இழுத்தால் கோணிச் சிக்கும் என்பதால் அகலத்தையும் அளவோடு அமைத்தான். சட்டம் தேய்ந்தால் புதிய சட்டம் வைத்தான். லாச்சி ஓடும் தன்மை முழுவதும் அவன் கைத்திறனில் அடங்கியிருந்தது.

அத்திறனைக் கையிலிருந்து தொழிற்சாலைக்கு மாற்றியது குண்டுப்போதிகை. 1794இல் வேல்சைச் சேர்ந்த பிலிப் வோன் வண்டி அச்சுக்கென அதற்குப் புத்தாக்க உரிமம் பெற்றார். சறுக்குதலினும் உருளுதலுக்கு உராய்வு மிகக் குறைவு என்பதே அதன் அடிப்படை. கோப்பை நிமிர்த்தி அடுக்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவிற் பரவியபோது, பாரமான உருக்கு லாச்சிகளைத் தாங்க உருளைகளும் போதிகைகளும் தேவையாயின. அலுவலகத்தில் தொடங்கிய இத்தண்டவாளம் நாளடைவில் வீட்டினுள்ளும் புகுந்தது. ஒட்டுப்பலகையும் அழுத்திய துகட்பலகையும் வைரமரத்தின் இடத்தைப் பிடித்தமை இதனை விரைவுபடுத்திற்று; ஏனெனில் துகட்பலகையின் விளிம்பு மரச்சட்டம் போல் நெடுங்காலம் தேய்வைத் தாங்காது.

இன்று கடைகளிற் கிடைப்பவற்றுள் மூன்று வகைகள் முதன்மையானவை. முதலாவது, பூச்சுப் பூசிய உருக்குச் சட்டத்தில் நைலோன் உருளை ஓடுவது. இது லாச்சியை ஏறத்தாழ முக்காற்பங்கே வெளியே விடும். பொதுவாக 25 கிலோகிராம் வரை தாங்கும். இரண்டாவது, மூன்று உறுப்புகள் ஒன்றனுள் ஒன்று அடங்கிக் குண்டுகளின் மேல் ஓடுவது. இது முழுமையாக வெளியே வரும்; 45 மில்லிமீற்றர் உயரமுடைய வழக்கமான வகை 35 முதல் 45 கிலோகிராம் வரை தாங்கும். மூன்றாவது, லாச்சியின் அடியில் மறைந்திருப்பது. அழகுடையது, விலையும் கூடியது. தாங்கும் சுமை என அச்சிடப்படுவது ஒரு சோடிக்கு உரியதேயன்றி ஒற்றைத் தண்டவாளத்திற்கு உரியதன்று என்பதை மறத்தல் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். சாதாரண ஏ-4 தாள் ஒன்றின் நிறை 5 கிராம். தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர். 450 மில்லிமீற்றர் நீளமான லாச்சியில் தாள்களை நெருக்கி நிறுத்தினால் 4,500 தாள்கள் கொள்ளும், நிறை 22.5 கிலோகிராம். லாச்சியின் சொந்த நிறையையும் கூட்டினால் 25ஐ எளிதிற் கடந்துவிடும். உடுப்பு வைக்கும் லாச்சிக்குப் போதுமான உருளைத் தண்டவாளம், கோப்பு வைக்கும் லாச்சிக்குப் போதாது என்பது இதனாற் பெறப்படும். அளவுகளும் இவ்வாறே. பக்கத் தண்டவாளத்திற்கு ஒவ்வொரு புறமும் ஏறத்தாழ 12.5 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டுமாதலால், லாச்சி வாயிலினும் 25 மில்லிமீற்றர் ஒடுங்கியதாதல் வேண்டும். அலுமாரியின் உள்ளாழம் 480 மில்லிமீற்றராயின், 450 மில்லிமீற்றர் தண்டவாளமே பொருந்தும்.

கரையோர மக்கள் இவற்றோடு காற்றையும் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும். கடற்காற்றிலுள்ள உப்பு, உருக்கின் மேலுள்ள மெல்லிய நாகமுலாமை அரித்துப் பின் உருக்கையும் அரிக்கும். குண்டுகள் துருவேறினால் லாச்சி இரைந்து, பின்னர் இறுகும். தேங்காயெண்ணெய் இட்டால் அது தூசியோடு கலந்து பசையாகும். உலர்ந்த துணியாற் துடைத்துச் சிறிதளவு கிறீஸ் இடுதலே தக்கது. கடலையடுத்த வீடுகளுக்குக் கறையில் உருக்குத் தண்டவாளமோ, நன்கு செய்த மரச்சட்டமோ நெடுங்காலம் உழைக்கும். மரச்சட்டத்தைப் பழைமை எனத் தள்ளுவது அறியாமை. தேய்ந்த மரச்சட்டத்தை ஊர்த் தச்சன் மாற்றலாம். குண்டு உதிர்ந்த தண்டவாளத்தை யாரும் திருத்த முடியாது.

லாச்சிக்குள் இருப்பது எவ்வளவு பெறுமதியுடையது என்பதை 2004 டிசம்பர் 26ஆம் நாள் நமக்கு உணர்த்திற்று. ஆழிப்பேரலையால் இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. இறந்தோர் தொகை 10,000ஐக் கடந்தது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுக் கரைகளில் வீடுகளோடு அலுமாரிகளும் அவற்றுள் இருந்த உறுதிகளும் சான்றிதழ்களும் அழிந்தன. காணாமற் போனோரின் இறப்பைப் பதிவு செய்யவும், பெற்றோரை இழந்த சிறாரின் பொறுப்பை ஒழுங்குபடுத்தவும் 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சுனாமி (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இயற்றப்பட்டது. உயிர் தப்பியோர் தாம் யார், தமது வளவு எது என்பதைக் கடதாசியின்றி நிறுவ வேண்டியவராயினர். எந்தத் தண்டவாளமும் அப்பேரலையைத் தடுத்திராது. ஆயினும், முக்கிய பத்திரங்களைக் கீழ்லாச்சியில் வையாது எளிதில் முழுமையாக இழுத்தெடுக்கத்தக்க மேல்லாச்சியில் வைத்தலும், பிரதிகளை வேறோர் இடத்தில் வைத்தலும் அவ்வனுபவம் கற்பிக்கும் பாடங்களாகும்.

தொகுத்து நோக்குமிடத்து, பெட்டகத்திலிருந்து லாச்சிக்கும், மரச்சட்டத்திலிருந்து குண்டுப்போதிகைக்கும் நாம் வந்த வழி, ஆட்சிகளும் சட்டங்களும் கைத்தொழிலும் பிணைந்த வழியாகும். முன்பு மரத்தையும் பருவத்தையும் சுமையையும் அறிந்திருக்க வேண்டியவன் தச்சன். இன்று அத்தண்டவாளம் பெட்டியில் அடைக்கப்பட்டு விற்பனைக்கு வருகின்றபோது, அவ்வறிவின் ஒரு பகுதி வாங்குவோரின் பொறுப்பாகிவிட்டது. நம் ஊர்களின் மூத்த தச்சர் பலர் அவ்வறிவை எழுதி வைத்தாரல்லர். அவர்கள் செய்த அலுமாரிகள் பழம்பொருளாக விலைபோகு முன்னர், அவற்றின் லாச்சிகளை இழுத்துப் பார்த்து, அளந்து, செய்முறையைக் கேட்டறிந்து பதிவு செய்தல் பல்கலைக்கழக மாணவராகிய நம்மால் இயலும் பணியாகும். அப்பணியை நம் வீட்டு அலுமாரியிலிருந்தே தொடங்கலாம்.