கட்டாயப் பாடமும் கருத்துநிலையும்
அமெரிக்க இளமாணி உளவியற் கல்வியின் வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

பல்கலைக்கழகப் பாடவிதானமொன்றை வரலாற்று ஆவணமாக வாசிப்போர் மிகச் சிலரே. கட்டாயப் பாடங்கள் எவை, விருப்புப் பாடங்கள் எவை, எதனை முன்னர் கற்றல் வேண்டும் என்பனவெல்லாம் வெறும் நிர்வாக ஒழுங்குகளாகவே தோன்றுகின்றன. எனினும், ஒரு துறை தன்னை எவ்வாறு விளங்கிக்கொள்கிறது என்பதை அத்துறைப் பேரறிஞரின் நூல்களிலும் பார்க்க அதன் கட்டாயப் பாடங்கள் தெளிவாகக் காட்டுவதுண்டு. ஐக்கிய அமெரிக்காவில் உளவியலை முதன்மைப் பாடமாகக் கொள்ளும் இளமாணி மாணவர் நிறைவுசெய்ய வேண்டிய பாடநெறிகளின் வரலாறு இதற்குத் தக்க உதாரணமாகும்.

அப்பாடநெறிகள் பெரும்பாலும் ஒரே அமைப்பின. முதலில் அறிமுகப் பாடம். அடுத்துப் புள்ளிவிபரவியலும் ஆய்வு முறையியலும். பின்னர் உயிரியல், அறிகை, வளர்ச்சி, சமூக உளவியல் ஆகிய பிரிவுகளிலிருந்து தெரிந்தெடுக்கும் பாடங்கள். இறுதியில் ஓர் ஒருங்கிணைப்புப் பாடம். முறையியல் யாவர்க்கும் கட்டாயம். சமூகமோ பல இடங்களில் தெரிவுக்குரியது. இவ்வொழுங்கு எவ்வாறு உருவாயிற்று?

19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்கக் கல்லூரிகளில் உளவியல் ஒரு தனித்துறையாக இருக்கவில்லை. 'மன மெய்யியல்' என்ற பெயரில் அதனைக் கற்பித்தவர் பெரும்பாலும் மதகுருவாகவும் விளங்கிய கல்லூரித் தலைவரே. 1879இல் வூண்ட் லைப்சிக்கில் ஆய்வுகூடம் நிறுவியதும், அங்கு பயின்றோர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பதவியேற்றதும் நிலைமையை மாற்றின. மெய்யியலிலிருந்து பிரிந்து நிற்க விரும்பிய இளந்துறைக்கு ஆய்வுகூடமே விஞ்ஞான அந்தஸ்தின் சான்றாயிற்று. கோர்ணெல் பல்கலைக்கழகத்தின் ரிச்னர் 1901க்கும் 1905க்கும் இடையில் வெளியிட்ட ஆய்வுகூடக் கைந்நூல்கள் மாணவர் பயிற்சியை ஒழுங்குபடுத்தின.

ஆனால் அவ் ஆய்வுகூடத்தின் கதவு எல்லோருக்கும் ஒரேவிதமாகத் திறக்கவில்லை. 1891இல் வெல்ஸ்லி மகளிர் கல்லூரியில் ஆய்வுகூடம் அமைத்த மேரி கோல்கின்ஸ், ஹார்வார்டில் கலாநிதிப் பட்டத்துக்குரிய தேவைகள் யாவற்றையும் நிறைவுசெய்தார். பெண் என்ற காரணத்தால் அவருக்குப் பட்டம் மறுக்கப்பட்டது. 1905இல் அவரே அமெரிக்க உளவியற் சங்கத்தின் முதற் பெண் தலைவரானார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

புள்ளிவிபரவியலின் ஏற்றத்துக்குச் சமூகத் தேவையொன்று துணைநின்றது. பாடசாலைக்கும் தொழிற்சாலைக்கும் படைக்கும் மனிதரைத் தரம்பிரிக்கும் கருவிகள் வேண்டப்பட்டன. முதலாம் உலக யுத்தத்தின்போது ஏறத்தாழ 17 இலட்சம் அமெரிக்கப் படையினர் உளச்சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். அத்தரவுகளைக் கொண்டு தென், கிழக்கு ஐரோப்பியக் குடியேறிகள் அறிவிற் குறைந்தோர் எனக் கார்ல் பிறிகம் 1923இல் எழுதினார். 1930இல் தம் முடிவுகளைத் தாமே கைவிட்டார். 1924ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்துக்கு அந்நூல் எவ்வளவு காரணமாயிற்று என்பது விவாதத்துக்குரியது. இரண்டும் ஒரே சமூகச் சூழலின் விளைவுகள் என்பதில் ஐயமில்லை.

யுத்தத்திலிருந்து மீண்டோருக்கு உயர்கல்வி வாய்ப்பளித்த 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் வகுப்பறைகள் நிரம்பின. இளமாணிப் பாடத்தை வரையறுக்கும் தேவை எழுந்தது. 1951இல் கோர்ணெலில் கூடிய அறுவர் குழு, அறிமுகம், மையப் பாடங்கள், ஒருங்கிணைப்புப் பாடங்கள் என்ற படிமுறையை விதந்துரைத்தது. புள்ளிவிபரவியல் மையத்தில் இடம்பெற்றது. 1960இல் மிச்சிகனில் கூடியோர் ஒரே பாடத்திட்டத்தில் உடன்பட முடியாதிருந்தும் அடிப்படை அமைப்பு நிலைத்தது.

இவற்றைக் கொண்டு, அளவீட்டு முறையே ஆளும் வர்க்கத்தின் கருவி என முடிவுகட்டுவது பொறிமுறைச் சிந்தனையாகும். 1920இல் உளவியலிற் கலாநிதிப் பட்டம் பெற்ற முதற் கறுப்பின அமெரிக்கரான பிரான்சிஸ் சம்னர், 1928 முதல் 1954இல் இறக்கும்வரை ஹவார்ட் பல்கலைக்கழகத்தில் உளவியற் கல்வியைக் கட்டியெழுப்பினார். அங்கு பயின்ற கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியர், கறுப்பினப் பிள்ளைகள் எந்நிறப் பொம்மையை விரும்பினர் என்பதை எண்ணிக் கணக்கிட்டனர். பாடசாலை இனப்பிரிப்பைச் சட்டவிரோதமாக்கிய 1954ஆம் ஆண்டு உயர்நீதிமன்றத் தீர்ப்பின் 11ஆம் அடிக்குறிப்பில் கென்னத் கிளார்க்கின் ஆய்வு சான்றாக இடம்பெற்றது. பிறிகமும் எண்களையே கையாண்டார். கிளார்க் தம்பதியரும் எண்களையே கையாண்டனர். வேறுபட்டது கேட்கப்பட்ட வினா.

மார்க்சியவாதிகள் தம் பக்கத்து வரலாற்றையும் மறத்தலாகாது. உளச்சோதனைகளின் வர்க்கச் சார்பைக் காரணங்காட்டி 1936இல் சோவியத் கட்சி பிறப்பித்த ஆணை, சோதனைகளை ஒழித்ததோடு அமையாது வைகோட்ஸ்கியின் நூல்களையும் இருபதாண்டளவு இருட்டில் வைத்தது. ஆணையினால் அகற்றப்படும் பாடம் விமர்சிக்கப்பட்ட பாடமாகாது.

அமெரிக்க உளவியற் சங்கம் 2013இல் வகுத்த ஐந்து இளமாணி இலக்குகளுள், பன்மைத்தன்மை வாய்ந்த உலகில் அறவியற் பொறுப்பும் சமூகப் பொறுப்பும் ஒன்றாகும். இது வரவேற்கத்தக்கது. ஆயின் அப்பொறுப்பு தனியொரு விருப்புப் பாடமாக ஒதுங்கிவிடின் பயன் சிறிதே. சராசரியையும் விலகலையும் கணிக்கப் பழகும் அதே வகுப்பறையில், பிறிகம் எதற்காகக் கணித்தார், கிளார்க் தம்பதியர் எதற்காகக் கணித்தனர் என்பதையும் மாணவர் கற்றல் வேண்டும். முறையியல் கட்டாயமெனில், அம்முறையியலின் வரலாறும் கட்டாயமே.