எழும்பூர் குழந்தை வழக்கு: பிறப்புக்கால மருத்துவக் கவனக்குறைவும் குடும்பங்களின் சட்ட வழிகளும்

எழும்பூர் குழந்தை வழக்கு என்பது, சென்னை எழும்பூர் அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையில் 1996 இல் குறைமாதத்தில் பிறந்து, பின்னர் பார்வையை இழந்த ஒரு பெண் குழந்தையின் பொருட்டுத் தமிழ்நாடு அரசுக்கு எதிராக நடந்த இழப்பீட்டு வழக்காகும். 2015 சூலை 1 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் இதில் இறுதித் தீர்ப்பு வழங்கியது. மருந்தைத் தவறாகக் கொடுப்பது மட்டுமல்ல, பெற்றோரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்புவதும் மருத்துவக் கவனக்குறைவே என்பதை இத்தீர்ப்பு உறுதிசெய்தது. அரசு மருத்துவமனையில் நேர்ந்த தவறுக்கு அரசே பொறுப்பு என்பதையும் அது மீண்டும் நிலைநாட்டியது.

பிறப்புக்காலப் பாதிப்புகள்

பிரசவத்தின்போதும் அதை ஒட்டிய நாள்களிலும் குழந்தைக்கு ஏற்படும் பாதிப்புகள் பல வகைப்படும். தோள் சிக்கிக்கொள்ளும் பிரசவத்தில் கழுத்து நரம்புகள் இழுபட்டுக் கை செயலிழக்கலாம். மூச்சுத்திணறலால் மூளைக்கு உயிர்வளி குறைந்தால் பெருமூளை வாதம், வலிப்பு, வளர்ச்சித் தாமதம் ஆகியவை வரலாம். ஊர்ப்புறங்களில் 'ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம்' எனப்படும் கருவிப் பிரசவங்களில் தலையிலும் முகத்திலும் காயம் ஏற்படுவது உண்டு. பிறந்தபின் வரும் மஞ்சள் காமாலையைக் கவனிக்காமல் விட்டால் காதும் மூளையும் பாதிக்கப்படலாம்.

இவை எல்லாமே மருத்துவரின் தவறால் நேர்வன அல்ல. சரியான சிகிச்சைக்குப் பின்னரும் குழந்தை பாதிக்கப்படுவது உண்டு. தேர்ந்த மருத்துவர் ஒருவரிடம் நியாயமாக எதிர்பார்க்கத்தக்க கவனம் காட்டப்பட்டதா, அது காட்டப்படாததால்தான் பாதிப்பு நேர்ந்ததா என்ற இரு கேள்விகளையே சட்டம் கேட்கிறது. இங்கிலாந்தில் 1957 இல் வகுக்கப்பட்ட போலம் அளவுகோலை இந்திய நீதிமன்றங்களும் பின்பற்றி வந்துள்ளன. அதன்படி, பொறுப்புள்ள மருத்துவர்கள் ஏற்கும் ஒரு முறையைக் கடைப்பிடித்த மருத்துவரைக் கவனக்குறைவானவர் என்று கூற இயலாது.

குறைமாதக் குழந்தையும் விழித்திரையும்

எழும்பூர் வழக்கின் மையத்தில் இருந்தது குறைப்பிரசவ விழித்திரை நோய். சுருக்கமாக இது ஆர்ஓபி எனப்படுகிறது. விழித்திரையின் இரத்தக் குழாய்கள் கருவின் கடைசி மாதங்களில்தான் முழுமையாக வளர்கின்றன. குழந்தை முன்கூட்டியே பிறந்தால் அந்த வளர்ச்சி தடம் புரள்கிறது. புதிய குழாய்கள் தாறுமாறாக முளைத்து, முற்றிய நிலையில் விழித்திரையை அதன் இடத்திலிருந்தே பிரித்துவிடுகின்றன.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தியோடர் டெர்ரி 1942 இல் இந்நோயை விவரித்தார். இன்குபேட்டரில் அளவின்றிக் கொடுக்கப்படும் உயிர்வளிக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதை ஆஸ்திரேலியாவின் கேட் கேம்பல் 1951 இல் எடுத்துக்காட்டினார். உறைகுளிர்ச் சிகிச்சையால் பார்வையைக் காக்க முடியும் என்பது 1980களின் இறுதியில் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில் தெரியவந்தது. பின்னர் லேசர் சிகிச்சை பரவலானது.

குழந்தை பிறக்கும்போது இந்த நோய் இருப்பதில்லை. சில வாரங்கள் கழித்தே தொடங்குகிறது. வெளியிலிருந்து கண்ணைப் பார்த்துத் தாயால் இதைக் கண்டுகொள்ள முடியாது. கண் மருத்துவர் பாவையை விரித்து விழித்திரையைச் சோதித்தால்தான் தெரியும். சிகிச்சைக்கு ஏற்ற காலமோ மிகக் குறுகியது. ஆகவே, எந்த நாளில் சோதிக்க வேண்டும் என்பதைப் பெற்றோருக்குச் சொல்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியாகிறது.

1995 க்கு முன்னும் பின்னும்

மருத்துவர்மீது இழப்பீட்டு வழக்குத் தொடுப்பது இந்தியாவில் புதிதன்று. ஆனால் நீண்ட காலம் அதற்கு உரிமையியல் நீதிமன்றமே வழியாக இருந்தது. ஔரங்காபாத் அரசு மருத்துவமனையில் 1963 இல் பிரசவமான ஒரு பெண்ணுக்குச் சில நாள்களில் குடும்பக்கட்டுப்பாட்டு அறுவை செய்யப்பட்டது. வயிற்றுக்குள் துண்டு ஒன்று விடுபட்டுப்போனது. அவர் இறந்தார். மகாராட்டிர அரசே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996 இல். இடையில் 33 ஆண்டுகள் கழிந்திருந்தன.

1986 இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, மருத்துவம் அச்சட்டத்தின்கீழ் ஒரு 'சேவை' ஆகுமா என்ற கேள்வி எழுந்தது. நோயறிதலும் சிகிச்சையும் அதற்குள் வாரா என்று சென்னை உயர் நீதிமன்றம் 1994 இல் கூறியது. இந்திய மருத்துவச் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995 நவம்பர் 13 அன்று இதற்கு மாறான முடிவை எடுத்தது. கட்டணம் பெற்று அளிக்கும் மருத்துவம் சேவையே. சிலரிடம் கட்டணம் பெற்றுச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் மருத்துவமனைகளும் அதில் அடங்கும். எல்லோருக்கும் எல்லாமே இலவசம் என்று இயங்கும் மருத்துவமனைக்கு மட்டும் விலக்கு உண்டு.

1998 இல் வந்த மற்றொரு தீர்ப்பு குழந்தைகளின் வழக்குகளுக்கு முக்கியமானது. சிகிச்சை பெற்ற குழந்தை மட்டுமல்ல, சிகிச்சைக்கு ஏற்பாடு செய்த பெற்றோரும் நுகர்வோரே என்றும், அவர்களுடைய மனவேதனைக்கும் தனியாக இழப்பீடு உண்டு என்றும் அத்தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கூறியது.

எழும்பூரில் நடந்தது

1996 ஆகசுட்டு 30 அன்று, கருவுற்ற 29 ஆவது வாரத்தில், 1,250 கிராம் எடையுடன் அக்குழந்தை பிறந்தது. ஏறத்தாழ 25 நாள்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இன்குபேட்டரில் வைக்கப்பட்டது. செப்டம்பர் 23 அன்று தாயும் சேயும் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். நோய்த்தொற்று அண்டாமல் குழந்தையைத் தூய்மையான ஓர் அறைக்குள்ளேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லப்பட்டது. பெற்றோரும் அப்படியே செய்தனர். அதன்பின் வந்த வாரங்களிலும் மருத்துவர்கள் குழந்தையைப் பார்த்தனர். ஆயினும் கண் சோதனை பற்றிய பேச்சு எழவில்லை.

குழந்தைக்கு நான்கரை மாதம் ஆனபோது வேறொரு மருத்துவரிடம் காட்டியதில்தான் கண்ணில் கோளாறு இருப்பது தெரிந்தது. அதற்குள் நோய் முற்றியிருந்தது. குடும்பம் அமெரிக்கா வரை சென்று சிகிச்சை பார்த்தும் பார்வை திரும்பவில்லை.

தேசிய நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடந்தபோது அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்திடம் நிபுணர் கருத்துக் கேட்கப்பட்டது. 1,500 கிராமுக்குக் குறைந்த எடையுடனும் 32 வாரத்துக்கு முன்பும் பிறக்கும் குழந்தைகளைச் சோதிக்க வேண்டும் என்றது அதன் அறிக்கை. முதல் சோதனை, கரு உண்டானதிலிருந்து 31 வாரம் அல்லது பிறந்து நான்கு வாரம், இவற்றில் எது பிந்தியதோ அப்போது தொடங்க வேண்டும். இக்கணக்கின்படி எழும்பூர் குழந்தைக்கு முதல் சோதனை தேவைப்பட்ட நாள் செப்டம்பர் 27. வீட்டுக்கு அனுப்பப்பட்டதற்கும் அதற்கும் இடையே நான்கே நாள்கள். மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் அந்நோயைப் பற்றிய எச்சரிக்கை எதுவும் இல்லை.

பத்தொன்பது ஆண்டுகளை நெருங்கிய காத்திருப்பு

தேசிய நுகர்வோர் ஆணையம் 2009 மே 27 அன்று கவனக்குறைவை உறுதிசெய்து 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கியது. தொகை போதாது என்று குடும்பமும், தாங்கள் பொறுப்பல்லர் என்று அரசுத் தரப்பும் உச்ச நீதிமன்றத்தை அணுகின.

நீதிபதிகள் செகதீசு சிங் கேகர், எசு. ஏ. பாப்டே அமர்வு குடும்பத்தின் பக்கம் நின்றது. பாதிக்கப்பட்டவரைப் பணத்தால் இயன்ற அளவுக்கு முந்தைய நிலைக்குக் கொண்டுவருவதே இழப்பீட்டின் நோக்கம் என்று அது விளக்கியது. எதிர்கால மருத்துவச் செலவுக்கு 1 கோடியே 38 லட்சம் ரூபாயும், அதுவரை ஆன செலவுக்கு 42,87,921 ரூபாயும் வழங்க ஆணையிட்டது. எதிர்காலச் செலவைக் கணக்கிடும்போது ஆண்டுதோறும் ஏறும் விலைவாசியையும் சேர்த்தது. இன்றைய விலையில் பொருத்தமாகத் தெரியும் தொகை, பெற்றோர் முதுமையடையும் காலத்தில் பாதிச் செலவுக்கும் காணாது என்பதால் இக்கணக்கு முறை பின்னர் வந்த வழக்குகளுக்கும் பயன்படத்தக்கதாயிற்று. 1 கோடியே 38 லட்சத்தில் 8 லட்சத்தை மட்டும் இரு மருத்துவர்கள்மீது சுமத்தி, எஞ்சிய 1 கோடியே 30 லட்சத்தை அரசும் மருத்துவமனை இயக்குநரும் செலுத்த வேண்டும் என்றது.

நோயைத் தடுக்கக் கிடைத்தவை சில வாரங்கள். நீதிக்கு ஆன காலம் பத்தொன்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. தீர்ப்பு வந்தபோது அக்குழந்தைக்குப் பதினெட்டு வயது நிறைந்திருந்தது.

தேவதானப்பட்டிக் குடும்பத்துக்கு உள்ள வழிகள்

எழும்பூரில் நடந்தது தலைநகரின் பெரிய மருத்துவமனையில். சிற்றூர்களில் இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. தேனி மாவட்டம் பெரியகுளம் வட்டத்தில், மஞ்சளாற்றை ஒட்டியுள்ள பேரூர் தேவதானப்பட்டி. இத்தகைய ஊரில் சிக்கலான பிரசவம் என்றால் பெரியகுளம், தேனி, மதுரை என்று ஒன்றன்பின் ஒன்றாக மருத்துவமனை மாற நேரலாம். ஒவ்வொரு இடத்திலும் ஒரு சீட்டு, ஓர் ஏடு. எந்த இடத்தில் எவ்வளவு நேரம் தாமதமானது என்பதை அந்தத் தாள்களே சொல்லும். 'எல்லாம் தலையெழுத்து' என்று அவற்றைத் தொலைத்துவிட்டால் பிறகு எந்த வழியும் எளிதாக இராது.

மருத்துவ ஏடுகள்: 2002 ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளின்படி, உள்நோயாளி ஏடுகளை மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அரசு மருத்துவமனையாயின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழும் கேட்கலாம்.

நுகர்வோர் ஆணையம்: 2019 ஆம் ஆண்டின் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, முறையீட்டாளர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். தேவதானப்பட்டியில் வசிப்பவர் மதுரை மருத்துவமனைமீதான முறையீட்டையும் தேனி மாவட்ட ஆணையத்தில் அளிக்க முடியும். வழக்கு மூலம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் கெடு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம்.

உரிமையியல் நீதிமன்றம்: முற்றிலும் இலவசமான சிகிச்சையில் தவறு நேர்ந்தால் இவ்வழி உண்டு. குழந்தை இளவர் என்பதால், காலவரம்புச் சட்டத்தின் 6 ஆம் பிரிவு அதன் பெயரிலான வழக்குக்கு 18 வயதுக்குப் பின்னும் அவகாசம் தருகிறது. ஆனால் ஏடுகளும் சாட்சிகளும் அதுவரை காத்திருப்பதில்லை.

நீதிப்பேராணை மனு: அரசு மருத்துவமனையின் தவறு வெளிப்படையாகத் தெரியும்போது, அரசியலமைப்பின் 226 ஆம் உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். 2004 சூலை முதல் இயங்கும் மதுரைக் கிளையின் எல்லைக்குள் தேனி மாவட்டம் வருகிறது.

மருத்துவ மன்றம்: தொழில் ஒழுங்கு மீறல் பற்றித் தமிழ்நாடு மருத்துவ மன்றத்தில் புகார் செய்யலாம். மன்றம் மருத்துவரை எச்சரிக்கலாம், பதிவேட்டிலிருந்து நீக்கலாம். இழப்பீடு வாங்கித்தர அதற்கு அதிகாரம் இல்லை.

குற்ற வழக்கு: காவல் நிலையத்தில் புகார் அளிக்கலாம் என்றாலும், மருத்துவரைக் குற்றவாளியாக்கக் கவனக்குறைவு மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும் என்று 2005 இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. முதலில் சார்பற்ற மருத்துவர் ஒருவரின் கருத்தையும் பெற வேண்டும்.

செலவுக்கு அஞ்சிப் பின்வாங்கும் குடும்பங்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உள்ளது. 1987 ஆம் ஆண்டின் சட்டப்படி, பெண்களும் குழந்தைகளும் வருமானம் எவ்வளவாயினும் இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையோர்.

இன்றைய நிலை

2013 இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம், குழந்தைகளிடம் கண்டறிய வேண்டிய 30 நலக்குறைகளுள் குறைப்பிரசவ விழித்திரை நோயையும் சேர்த்தது. இந்தியாவில் இன்று பின்பற்றப்படும் வழிகாட்டுதலின் வரம்பு 1996 இன் அளவை விட விரிவானது. 2,000 கிராமுக்குக் குறைந்த எடையுடனோ 34 வாரத்துக்கு முன்னரோ பிறந்த குழந்தைக்குப் பிறந்த 30 நாள்களுக்குள் முதல் கண் சோதனை நடந்தாக வேண்டும். மிகவும் முன்கூட்டிப் பிறந்த குழந்தைக்கு அதற்கும் முன்பே சோதனை தேவை.

குறைமாதக் குழந்தையை வீட்டுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், டிஸ்சார்ஜ் சீட்டில் கண் சோதனை நாள் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். இல்லையென்றால் அங்கேயே கேட்டு எழுதி வாங்கலாம். எழும்பூரில் 1996 செப்டம்பர் 23 அன்று கொடுக்கப்பட்ட சீட்டில் அந்த ஒரு வரி இல்லை.