களைப்பும் கரையும்



செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் சாலை ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீளமுடையது. அதனை மிதிவண்டியில் கடப்பது எனக்கு அரிய செயலன்று. கொளவாய் ஏரியின் பக்கமாக விடியற்காலையில் 10 கிலோமீட்டர் ஓடுவதும் பழக்கமே. ஆயினும், மாமல்லபுரத்துக் கடலில் முதன்முறையாக இறங்கி நீந்திய நாளில், 300 மீட்டர் செல்லுமுன் என் கைகள் கல்லெனக் கனத்தன, மூச்சு முட்டியது, கரை எட்டாத் தொலைவில் இருப்பதாகத் தோன்றியது. நிலத்தில் ஓயாத உடல் நீரில் இத்துணை விரைவில் ஓய்ந்துபோவது ஏன்? அவ்வினாவுக்கு விடை தேடியபோது, கடலை நீந்திக் கடந்தவர்களின் வரலாறு எனக்குப் பெரிதும் துணைசெய்தது. அதனையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், நான் கடலில் இறங்கிய காரணத்தைக் கூறிவிடுகிறேன். நீந்துதல், மிதிவண்டி ஓட்டுதல், ஓடுதல் ஆகிய மூன்றையும் இடைவிடாது ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் போட்டிக்கு டிரையத்லான் என்று பெயர். 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் இப்பெயருடன் ஒரு போட்டி நடந்தது. 1978-இல் ஹவாயில் அது நெடும்போட்டியாக வளர்ந்தது. அன்று புறப்பட்டவர் 15 பேர், முடித்தவர் 12 பேர். 2000-ஆம் ஆண்டில் சிட்னி ஒலிம்பிக்கில் அது இடம்பெற்றது. ஒலிம்பிக் அளவின்படி 1.5 கிலோமீட்டர் நீந்தி, 40 கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்டி, 10 கிலோமீட்டர் ஓட வேண்டும். நீச்சல்தான் முதலாவது. அதிலேயே ஓய்ந்துவிட்டவனுக்கு மற்ற இரண்டும் இருந்தும் பயனில்லை. நடுவயதில் இப்போட்டியில் ஆசை கொண்டவன் நான். சிறு வயதில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கிணற்றில் கற்ற நீச்சல் போதும் என்று எண்ணியது என் பிழை.

அன்று நான் தத்தளித்ததைக் கட்டுமரத்திலிருந்த மீனவப் பெரியவர் ஒருவர் கண்டார். அருகில் வந்து, “தம்பி, மல்லாந்து படு. மூச்சை வெளியே விடு. அவசரம் வேண்டாம்” என்றார். அவ்வாறே செய்தேன். சிறிது நேரத்தில் நெஞ்சின் துடிப்பு அடங்கியது. கட்டுமரத்தைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தபின், “கையில் பலம் இல்லாமல் நீ களைக்கவில்லை, தம்பி. கரைக்குச் சீக்கிரம் போகப் பார்த்தாய், அதுதான் காரணம்” என்றார் அவர். அச்சொல் நெடுநாள் என் மனத்தில் நின்றது.

இனி வரலாற்றைக் காண்போம். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட கால்வாயைத் துணைக்கருவி எதுவுமின்றி முதலில் நீந்திக் கடந்தவர் கேப்டன் மாத்யூ வெப். 1875 ஆகஸ்டு 12 அன்று அவர் செய்த முதல் முயற்சி, காற்றும் அலையும் மிகுந்தமையால் கைவிடப்பட்டது. பன்னிரண்டு நாள் கழித்து மீண்டும் இறங்கி, தவளை நீச்சலாகவே நீந்தி, 21 மணி 45 நிமிடத்தில் அக்கரை அடைந்தார். அக்கால்வாயின் மிகக் குறுகிய அகலம் ஏறக்குறைய 33 கிலோமீட்டர். நேர்க்கோட்டில் கணக்கிட்டால் மணிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் வேகம்! சந்தைக்குச் செல்லும் முதியவரின் நடைகூட இதனினும் விரைவானது.

நம் பக்கத்துக் கடலுக்கு வருவோம். பாக்கு நீரிணையை முதன்முதலில் நீந்திக் கடந்தவராகப் போற்றப்படுபவர், யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி. 1954 மார்ச்சு மாதத்தில் வல்வெட்டித்துறையிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 27 மணி நேரம் நீந்திக் கோடிக்கரை சேர்ந்தார். 1958-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் இந்தியரான மிகிர் சென், 1966 ஏப்ரலில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். இடைத்தொலைவு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அவருக்கு ஆன நேரம் 25 மணி 36 நிமிடம். 1994-இல் நம் தமிழகத்துப் பள்ளிச் சிறுவர் குற்றாலீசுவரன் பாக்கு நீரிணையையும் ஆங்கிலக் கால்வாயையும் கடந்து, ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளை நீந்தி, மிகிர் சென்னின் பழைய சாதனையை விஞ்சினார்.

இவர்கள் வாழ்ந்த காலம் வேறு, வயது வேறு, நீந்திய முறையும் வேறு. ஆயினும் ஒரு செய்தி பொதுவாக விளங்குகிறது. நாழிகைக்கணக்கில் தாங்கக்கூடிய வேகம் எதுவோ, அதனையே இவர்கள் முதலிலிருந்து மேற்கொண்டனர். புதிதாக நீந்துவோன் இதற்கு நேர்மாறாகச் செய்கிறான். போட்டி தொடங்கியவுடன் கூட்டத்தோடு கூட்டமாகப் பாய்கிறான்.

இதன் காரணத்தை அறிவியல் தெளிவாகக் கூறுகிறது. நீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. நீரில் நம் வேகம் இருமடங்கானால், நீரின் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஆகவே சிறிது விரைந்தாலும் பெரிதும் களைக்கிறோம். அச்சத்தால் தலையை உயர்த்தினால் இடுப்பும் கால்களும் தாழ்கின்றன. உடல் நீரைக் கிழித்துச் செல்வதற்கு மாறாக அதனைத் தள்ளிக்கொண்டு செல்கிறது. தாழ்ந்த கால்களைத் தூக்க நாம் வேகமாக உதைக்கிறோம். தொடைத் தசைகளோ பெரியவை. உயிர்க்காற்றை மிகுதியாகச் செலவிடுபவை. இவற்றுக்கெல்லாம் மேலாக, நீரில் முகம் புதைந்ததும் மூச்சை அடக்கிக்கொள்கிறோம். உள்ளே கரியமில வாயு பெருக, மூச்சுத் திணறுகிறது. திணறல் அச்சத்தையும், அச்சம் அவசரத்தையும் வளர்க்கிறது. ‘மூச்சை வெளியே விடு’ என்று பெரியவர் சொன்னதன் பொருள் இதுதான். முகம் நீருள் இருக்கும்போதே மெல்ல மெல்ல மூச்சை விட்டுவிட்டால், தலையைப் பக்கவாட்டில் திருப்பும் கணத்தில் புதுக் காற்று தானே உட்புகும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். களைப்பை வெல்வது வேறு. களைப்பு கூறும் செய்தியைக் கேளாதிருப்பது வேறு. வல்வெட்டித்துறையைச் சேர்ந்த குமார் ஆனந்தன் 1971-இல் பாக்கு நீரிணையை இருவழியும் 51 மணி நேரத்தில் நீந்தியவர். நீந்தும் ஆற்றலில் அவருக்கு ஒப்பானவர் மிகச் சிலரே. அத்தகையவர் 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது உயிர் நீத்தார். கால்வாயை முதலில் வென்ற வெப்பும் 1883-இல் நயாகரா ஆற்றின் சுழல்நீரை நீந்த முயன்று மாண்டார். மாவீரரையும் கடல் விட்டுவைப்பதில்லை என்றால், நேற்று நீந்தத் தொடங்கிய நாம் எம்மாத்திரம்?

வங்கத்துப் பெண்மணி ஆரதி சாகாவின் கதையை இதனோடு சேர்த்து எண்ணவேண்டும். 1959 ஆகஸ்டு மாதத்தில் அவர் பல மணி நேரம் நீந்தி, இங்கிலாந்துக் கரையை நெருங்கியபின், எதிர்நீரோட்டத்தால் முயற்சியைக் கைவிட்டார். கரையை நெருங்கியபின் திரும்புவதற்கு எத்துணை மனத்திண்மை வேண்டும்! ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 29 அன்று, 16 மணி 20 நிமிடத்தில் அவர் அதே கால்வாயைக் கடந்தார். அச்செயலை முடித்த முதல் ஆசியப் பெண் அவரே. முன்னர் திரும்பியிராவிடில் பின்னர் வென்றிருக்க முடியுமா?

மாமல்லபுரக் கரையில் இப்பாடம் இன்னும் இன்றியமையாதது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் நீரோட்டம் தெற்கு நோக்கியும், தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் வடக்கு நோக்கியும் செல்லும். அலைகளுக்கிடையே, கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துச் செல்லும் நீரோட்டங்களும் உண்டு. அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி நேரே போராடினால் களைத்து மூழ்குவர். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு நீங்கியபின் கரைக்குத் திரும்ப வேண்டும். தனியே இறங்குவது எந்நாளும் தகாது.

அப்பெரியவரின் சொல்லும் இவ்வரலாறும் என் பயிற்சியை மாற்றின. நீச்சல்குளத்தில் 25 மீட்டர் நீந்தி நின்று, மூச்சு அமைதியுற்றபின் மீண்டும் 25 மீட்டர் நீந்தினேன். பின்னர் அது 50 ஆயிற்று, 100 ஆயிற்று. எத்தனை மீட்டர் என்பதைவிட, முடிவில் பேசும் நிலையில் இருக்கிறேனா என்பதையே கணக்கில் கொண்டேன். கால்களை மெல்ல அசைத்தேன். மிதிவண்டிக்கும் ஓட்டத்துக்கும் அவை தேவையன்றோ? பல மாதங்களுக்குப்பின் மீண்டும் கடலில் இறங்கியபோது, அதே பெரியவரின் கட்டுமரம் துணைவர 1.5 கிலோமீட்டர் நீந்தினேன். இடையில் இருமுறை மல்லாந்து இளைப்பாறினேன், அதற்காக நாணவில்லை.

போட்டி நாளில் நீரிலிருந்து கடைசியாக எழுந்த சிலருள் நானும் ஒருவன். ஆனால் என் கால்கள் தளரவில்லை. மிதிவண்டியில் ஏறினேன்; பின்னர் ஓடினேன்; முடித்தேன். என் பெயர் எப்பட்டியலிலும் மேலே இல்லை. எனினும், முதல் நாள் என்னைக் கரைசேர்த்தவர் சொன்ன அந்த மூன்று சொற்றொடர்களை, இப்போது நீந்தப் பழகவரும் இளைஞர்களுக்கு நானும் சொல்லிவருகிறேன்: மல்லாந்து படு, மூச்சை வெளியே விடு, அவசரம் வேண்டாம்.