வெறுந்தொட்டிலும் மருத்துவிச்சியும்



யாழ்ப்பாணத்து மருத்துவ வரலாற்றை எழுதுவோர், பிழைத்த உயிர்களை எண்ணிப் பெருமிதம் கொள்வர். அது தக்கதே. ஆயின், உயிரின்றிப் பிறந்த மகவையும் அதனைச் சுமந்த தாயையும் பற்றிப் பேசுவார் மிகச் சிலர். அவ்வரலாற்றையே இன்று சிறிது நோக்குவோம்.

முன்னாளில் மகப்பேறு வீட்டிலேயே நிகழ்ந்தது. ஊர் மருத்துவிச்சியே துணை. ‘கொத்தி’ என்னும் பேய் தாய்க்கும் சேய்க்கும் தீங்கிழைக்கும் என அஞ்சினர். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்துப் பிள்ளையை உறவினருக்குக் காட்டி மகிழ்ந்தனர். பிள்ளை இறந்து பிறந்த வீட்டிலோ காட்டுதற்கு எதுவுமில்லை. பச்சிளம் உடலை எரிக்காது புதைப்பர். பெரியோர்க்குரிய கிரியைகள் அதற்கில்லை. தாயின் துயர் அழுது ஆறுதற்கு ஒரு சடங்கேனும் பெறவில்லை.

1847ஆம் ஆண்டு அமெரிக்க மிசன் வைத்தியராக வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். ‘பிரசவ வைத்தியம்’ என்னும் நூலை 1857இல் தமிழில் வெளியிட்டார். ஆனால் அவரிடம் பயின்றோர் ஆடவர். பிரசவ அறையிலோ பெண்ணின் துணையையே பெண்கள் நாடினர். அக்குறையை நீக்குவதற்கு 1898இல் இணுவிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என மக்லியோட் மருத்துவமனை எழுந்தது. 1926இல் களுத்துறையில் முதற் சுகாதாரப் பகுதி தொடங்கியபின், பயிற்சி பெற்ற அரசாங்க மருத்துவிச்சி வீடுதேடிச் செல்லும் முறை நாடெங்கும் படிப்படியாகப் பரவியது. 1951ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், பிறப்பு இறப்புகளோடு இறந்து பிறத்தலையும் பதிவுக்குரியதாக்கியது. பெயரற்றுப் போன மகவுக்கு அரசாங்க ஏட்டில் ஓர் இடம் கிடைத்தது.

எனினும், ஏட்டில் எழுதுவது வேறு, தாயைத் தேற்றுவது வேறு. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேனாட்டு மருத்துவமனைகள் பலவற்றில் மகவைத் தாய்க்குக் காட்டாமலே அகற்றி, “மறந்துவிடு” என்றனர். 1970களிலிருந்து அப்போக்கு மாறலாயிற்று. உண்மையை மறையாது, கனிவோடு சொல்லவேண்டும். மகவைக் காணவும் ஏந்தவும் விரும்புகின்றாளா எனத் தாயைக் கேட்கவேண்டும். வற்புறுத்தலும் தடுத்தலும் ஆகா. சில நாள்களில் மார்பிற் பால் சுரக்கும். குடிக்கப் பிள்ளையில்லாத அந்நேரத்து நோவை முன்னரே எடுத்துக் கூறிப் பரிகாரமும் சொல்லவேண்டும். “அடுத்தது பிறக்கும்” என்பது ஆறுதலன்று. இழந்தது இந்தப் பிள்ளையையன்றோ! தந்தைக்கும் துயருண்டு என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம்.

2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 19 இலட்சம் மகவுகள் இறந்து பிறந்தன. இது எவளுடைய பாவத்தின் பயனுமன்று. மகவு இல்லாத வீட்டிலே நிறுத்துப் பார்க்கப் பிள்ளையில்லை. எனினும், பேணப்படவேண்டிய தாய் ஒருத்தி இருக்கின்றாள். அவ்வீட்டுப் படலையைத் திறந்து செல்லும் மருத்துவிச்சிக்கு அயலாரும் உறவினரும் துணைநிற்றல் வேண்டும். தாய் பிள்ளையைப் பற்றிப் பேச விரும்பினால், பேச்சை மாற்றாது கேட்டிருப்பதே நாம் செய்யக்கூடிய முதல் உதவி.