‘தலப்பாக்கட்டி’ பெயர் யாருக்குச் சொந்தம்? 1957-ல் தொடங்கிய திண்டுக்கல் பிரியாணிக் கடையின் கதை

வருசநாடு, கடமலைக்குண்டு பக்கமிருந்து சென்னைக்குக் கிளம்புபவர்கள் பெரும்பாலும் தேனி, வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல்லைத் தொட்டுத்தான் போவார்கள். அந்த ஊர் பெயரைச் சொன்னாலே ஒரு காலத்தில் பூட்டுதான் ஞாபகத்துக்கு வரும். இப்போ முதலில் வருவது பிரியாணி. அதிலும் ‘தலப்பாக்கட்டி’, ‘தலப்பாக்கட்டு’ என ஒரு எழுத்து மட்டும் மாறிய போர்டுகளை நெடுஞ்சாலைகளில் பார்க்காதவர்கள் குறைவு. இதில் எது ஒரிஜினல்? பெயர் எப்படி வந்தது?

கடையின் முதல் பெயர் வேறு

1957-ல் நாகசாமி நாயுடு திண்டுக்கல்லில் தொடங்கிய கடைக்கு அவர் வைத்த பெயர் ‘ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல்’. ‘விலாஸ்’ என்று முடிவது அந்தக் கால ஓட்டல்களின் வழக்கம், சைவமா அசைவமா என்ற பேதமெல்லாம் இல்லை. நாயுடு எப்போதும் தலைப்பாகை கட்டியிருப்பார். சாப்பிட வந்தவர்கள் ‘தலப்பாக்கட்டி கடை’ என்று அடையாளம் சொல்லத் தொடங்கினார்கள். முதலாளி வைத்த பெயர் மெல்ல மறைந்து, வாடிக்கையாளர் வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

ருசிக்கு என்ன காரணம்?

முதல் காரணம் சீரகச் சம்பா. சீரகம் போலச் சின்னதாக இருப்பதால் அந்தப் பெயர். பாசுமதி நீளமாக, உதிரி உதிரியாக நிற்கும். சீரகச் சம்பாவோ கறிச்சாற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், அதனால் வெறும் சோற்றை அள்ளிச் சாப்பிட்டாலே மசாலா ருசி தெரியும். ஆம்பூர் பிரியாணியில் காய்ந்த மிளகாய் விழுது தூக்கலாக இருக்கும் என்றால், திண்டுக்கல்லில் மிளகுக் காரமும் தயிர், எலுமிச்சைப் புளிப்பும்தான் முன்னால் நிற்கும். கறித்துண்டும் சின்னது. கன்னிவாடி, பரமத்தி சந்தை ஆடுகளின் கறி என்பது கடையின் பழைய பெருமை. ஊர்க்காரர்கள் இதையெல்லாம் விட்டுவிட்டு, “எல்லாம் ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணிங்க” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

கோர்ட்டுக்குப் போன தலைப்பாகை

ஒரே ஊரில் இருந்தவரை பெயர்ச் சிக்கல் பெரிதாக இல்லை. குடும்பத்தின் அடுத்தடுத்த தலைமுறை வெளியூர்களில் கிளை திறந்து, 2009-ல் சென்னைக்கும் வந்தபோது, அங்கே ஏற்கெனவே ‘தலப்பாக்கட்டு’ பெயரில் கடைகள் ஓடிக்கொண்டிருந்தன. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. தலைப்பாகை என்பது எல்லோருக்கும் பொதுவான சொல்தானே, அதை ஒருவர் மட்டும் எப்படி உரிமை கொண்டாடலாம் என்பது எதிர்த்தரப்பின் கேள்வி.

கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். ஆனா, வணிகச் சின்னச் சட்டம் பார்ப்பது வேறு. ‘மட்டன் பிரியாணி’ என்பது பண்டத்தின் பெயர், அதை யாரும் பூட்டி வைத்துக்கொள்ள முடியாது. தலைப்பாகைக்கும் பிரியாணிக்கும் இயல்பாக எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் பிரியாணி நினைவுக்கு வருகிறது என்றால், ஒரு கடை அதை அப்படிப் பழக்கியிருக்கிறது என்று அர்த்தம். யார் முதலில் இருந்து பயன்படுத்தி வந்தார்கள் என்பதும் முக்கியம். திண்டுக்கல் நிறுவனம் இந்த வழியில்தான் தடை உத்தரவுகளைப் பெற்றது. ஜனங்கள் இலவசமாகக் கொடுத்த பட்டப்பெயர், இன்று நிறுவனத்தின் பெரிய சொத்து.

கடையிலிருந்து கம்பெனி

அதன்பிறகு வளர்ச்சி வேகம்தான். சி.எக்ஸ். பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் பங்கு வாங்கியது. துபாய், பாரிஸ், கொழும்பு எனக் கிளைகள் கடல் தாண்டின. முதலாளி கல்லாவில் உட்கார்ந்து வாசனையை வைத்தே பதம் சொன்ன காலம் போய், எல்லா ஊரிலும் ஒரே ருசி வர வேண்டும் என்பதே பெரிய வேலையாகிவிட்டது.

அந்த ருசி அப்படியே இருக்கிறதா? இந்தக் கேள்வியைத் திண்டுக்கல்லில் கேட்டால் பதில் ஒன்றாக வராது. ஒருவர் வேணு பிரியாணி என்பார், இன்னொருவர் பொன்ராம் என்பார், பட்டிமன்றம் மதியச் சாப்பாடு வரைக்கும் ஓடும்.