பழவங்காடியும் புத்தரிக் கதிரும்



திருவனந்தபுரம் செல்லும் தமிழர் பலரும் பழவங்காடிப் பிள்ளையாரைக் கண்டு, தேங்காய் உடைத்து வணங்குவது வழக்கம். 1795ஆம் ஆண்டில் திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்திற்கு மாறியது. அங்கே தாம் வழிபட்டு வந்த கணபதியை நாயர் படையினர் உடன்கொண்டு வந்தனர் என்பர். அப்படை பின்னர் இந்தியத் தரைப்படையோடு இணைந்தது. கோயிலை இன்றும் தரைப்படையே பேணி வருகின்றது.

இக்கோயிலுக்கு அண்மையில் புத்தரிக்கண்டம் என்னும் பெரிய மைதானம் இருக்கின்றது. அரி என்பது மலையாளத்தில் அரிசி. கண்டம் என்பது வயல். புத்தரிசி விளைந்த வயல் என்பதே இப்பெயரின் பொருள். பத்மநாபசுவாமி கோயிலில் நடைபெறும் நிறபுத்தரிச் சடங்கிற்கு வேண்டிய நெல் முற்காலத்தில் இங்கே விளைந்தது.

கர்க்கடகம், அதாவது நம் ஆடி, கேரளத்தில் பெருமழைக் காலம். பத்தாயம் வற்றும் பஞ்ச மாதம். அந்நாளில் முதற்கதிரை அறுத்து இறைவன் திருமுன் வைத்து, பின் அன்பர்களுக்கு வழங்குவர். மக்கள் அதை வீட்டு வாயிலில் கட்டுவர். பசி மிகுந்த மாதத்தில், வரவிருக்கும் விளைவை நம்பிச் செய்யும் வழிபாடு இது.

இவ்வழக்கம் நமக்கு அயலானதன்று. சுசீந்திரத்திலும் கன்னியாகுமரியிலும் இது நிறைபுத்தரிசி எனப்படும். யாழ்ப்பாணத்து நல்லூரில் தைப்பூசத்தை ஒட்டிப் புதிர் எடுக்கின்றனர். கடல்கடந்த சப்பானிலும் நெல்லுக்குரிய இனாரித் தெய்வத்திற்குக் கியோட்டோ நகரின் புஷிமியில் பெருங்கோயில் உண்டு. அது 711ஆம் ஆண்டில் தோன்றியதென்பது மரபு. நெல்லை உண்டு வாழும் மக்கள் எங்கும் முதற்பிடியைத் தமக்கென வைத்துக்கொள்வதில்லை.

திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக விளங்கியது நாஞ்சில் நாடு. 1956 நவம்பர் 1ஆம் நாள் அது அன்றைய சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. பத்மநாபபுரமும் இப்பக்கம் வந்தது. அங்கிருந்து புறப்பட்ட பிள்ளையார் அப்பக்கம் நின்றார். எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்தது, ஆடிக்கதிரைப் பிரிக்கவில்லை.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். புத்தரிக்கண்டம் வயலாக இருந்தபோது கதிரும் கோயிலும் அருகருகே இருந்தன. இன்று வயலின் பெயர் மட்டும் எஞ்சியிருக்கின்றது. நெல் விளையும் நிலம் குறையக் குறைய, சடங்கு கதிரை வேற்றூரில் தேட நேரும். அண்டை மாநிலத்தில் வாழும் நேயர்கள் அடுத்த ஆடியில் ஒரு வாயிலில் கதிர்க்கொத்தைக் காண்பார்களாயின், அதன் பொருளைத் தம் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பார்களாக. அது விளைந்த வயலையும் சேர்த்தே சொல்வார்களாக.