காலியம் நைட்ரைடு படலவளர்ப்பு

காலியம் நைட்ரைடு படலவளர்ப்பு என்பது அகன்ற ஆற்றல் இடைவெளி (சுமார் 3.4 எலக்ட்ரான்வோல்ட்டு) கொண்ட காலியம் நைட்ரைடு என்னும் குறைக்கடத்தியை, அடிமனை எனப்படும் ஒரு படிகத்தின் மீது மெல்லிய படலமாக வளர்க்கும் முறையாகும். நீல ஒளியுமிழ் இருமுனையங்களும் சீரொளிக் கருவிகளும் இவ்வாறு உருவாக்கப்படுகின்றன.

அணிக்கோவைப் பொருத்தம்

படலத்தின் அணுக்கள் அடிமனையின் அணுக்களைப் பின்பற்றி அடுக்கப்படுகின்றன. இரண்டின் அணிக்கோவை மாறிலிகளும் வேறுபட்டால் படலத்தில் தகைவு தோன்றும். படலம் தடிக்கும்போது அது இடப்பெயர்வு எனப்படும் படிகக் குறைபாடுகளாக மாறும். காலியம் நைட்ரைட்டுடன் அடிமனைகளுக்கு உள்ள வேறுபாடு பின்வருமாறு:

* நீலக்கல் - சுமார் 16%
* சிலிக்கன் கார்பைடு - சுமார் 3.5%
* துத்தநாக ஆக்சைடு - சுமார் 2%
* இலித்தியம் காலேட்டு - 1 விழுக்காட்டிற்கும் குறைவு

எனினும் பொருத்தம் மட்டும் போதுமானதன்று. ஆவிநிலை வளர்ப்பு பெரும்பாலும் சுமார் 1000 பாகை செல்சியசில், அமோனியா, ஐதரசன் வளிமங்களின் சூழலில் நடைபெறுகிறது. நன்கு பொருந்தும் துத்தநாக ஆக்சைடும் இலித்தியம் காலேட்டும் அச்சூழலில் சிதைவடைகின்றன. பொருத்தம் குறைந்த நீலக்கல்லோ அதைத் தாங்குகிறது, விலையும் குறைவு.

வரலாறு

1986 ஆம் ஆண்டு சப்பானில் இசாமு அகசாகி, இரோசி அமானோ ஆகியோர் நீலக்கல்லின் மீது முதலில் குறைந்த வெப்பநிலையில் அலுமினியம் நைட்ரைடு இடையடுக்கு ஒன்றை இட்டுத் தரமான படலத்தை வளர்த்தனர். 1991 இல் சூசி நகமுரா காலியம் நைட்ரைட்டையே இடையடுக்காகப் பயன்படுத்தினார். நீல ஒளியுமிழ் இருமுனையத்தைக் கண்டுபிடித்ததற்காக மூவருக்கும் 2014 ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தனி அடிமனை

நீலக்கல்லின் மீது வளர்ந்த படலத்தில் சதுர சென்டிமீட்டருக்குப் பத்துக் கோடிக்கு மேற்பட்ட இடப்பெயர்வுகள் இருப்பினும் ஒளியுமிழ் இருமுனையங்கள் நன்கு ஒளிர்கின்றன. சீரொளிக் கருவிகளின் ஆயுளை இக்குறைபாடுகள் குறைப்பதால், அவற்றிற்கு முற்றிலும் பொருந்தும் காலியம் நைட்ரைடு அடிமனைகளே பயன்படுத்தப்படுகின்றன.